அடுத்த புயலுக்கு முன்னால் யார் எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தெருவில் இருக்கிறோம், மொத்தம் 60 வீடுகள். நான்கு மாதத்துக்கு முன் வந்த கடும்புயலில் எங்கள் கூரையில் பாதி போய்விட்டது. இரண்டு நாள் முன்னதாகவே எச்சரிக்கை வந்தும் பாதிப் பேருக்கு மேல் வீட்டிலேயே இருந்துவிட்டோம். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் வயதான அம்மாவின் நினைவே வந்தது. போய்ப் பார்த்தால் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது. ஒரு குழு அமைக்கலாம் என்று கூட்டம் போட்டேன். சிலர்தான் வந்தார்கள், வந்தவர்களும் பொதுவில் ஜெனரேட்டர் வாங்குவதைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். "இனி நம் காலத்தில் இப்படி வராது" என்கிறார் ஒருவர். எங்கே தொடங்குவது? இன்னொன்று, என் ஒன்பது வயது மகன் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த அம்மாவைப் பற்றி. கூரை பறக்கிற இரவில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்கிறவருக்குக் கடைசி வீட்டுக்காரர் நினைவுக்கு வரமாட்டார். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான், இதற்காக உங்களையே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நினைவை நம்பியிருந்ததுதான் கோளாறு. அவருடைய பெயரும், அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவரின் பெயரும் புயலுக்குப் பல மாதம் முன்பே ஒரு தாளில் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் முந்தின நாள் மதியமே யாராவது அவர் வாசலில் போய் நின்றிருப்பார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள், அந்தத் தாளில் தொடங்குங்கள். பேரிடர் முன்னேற்பாட்டுப் பயிற்சி தருவது என் வேலை. பெரும்பாலான கூட்டங்களில் முதலில் கிளம்புகிற பேச்சு எதை வாங்கலாம் என்பதுதான், ஏனென்றால் பொருள் கண்ணுக்குத் தெரியும், வாங்கி வைத்துவிட்டால் ஏதோ செய்து முடித்த திருப்தி கிடைக்கும். ஆனால் புயல் இரவில் உயிர் போவது பெரும்பாலும் போக வேண்டிய நேரத்தில் போகாததால், இல்லாவிட்டால் போக முடியாதவரைக் கூட்டிப்போக ஆள் இல்லாததால்.

1970 நவம்பரில் இன்றைய வங்கதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். புயல் வருவது தெரிந்திருந்தது. அந்தச் செய்தி தீவுகளிலும் கரையோரக் குடிசைகளிலும் இருந்தவர்களை இடம் நகர்த்தவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகு 1972இல் அங்கே புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது, பிறகு செம்பிறைச் சங்கமும் (அந்த நாட்டின் செஞ்சிலுவைச் சங்கம்) அரசும் சேர்ந்து நடத்தின. கிராமத்தைச் சேர்ந்தவர்களையே தொண்டர்களாக எடுத்து, மெகாபோனும் கொடியும் கொடுத்து, வீடு வீடாகப் போகச் சொன்னார்கள். அப்படியும் 1991 புயலில் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள், ஏனென்றால் ஒதுங்குவதற்குப் போதுமான பாதுகாப்புக் கட்டடங்கள் இல்லை. அதிலும் ஆண்களைவிடப் பெண்கள் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். வீட்டு ஆண் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட முடியாதவர்கள், முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த கட்டடத்தில் போய் இரவு தங்கக் கூசியவர்கள். இதைப் பார்த்த பிறகு கட்டடங்களையும் கூட்டினார்கள், பெண் தொண்டர்களையும் கூட்டினார்கள். 2007இல் சிடர் என்ற மிகக் கடுமையான புயல் அதே கரைக்கு வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய எண்ணிக்கைதான், ஆனால் முன்பு இருந்ததோடு வைத்துப் பாருங்கள்.

ஒடிசாவிலும் இதே கதை. 1999 பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது 10 லட்சம் பேருக்கு அருகில் முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டார்கள், இறந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. வானிலைக் கணிப்பு மேம்பட்டது ஒரு காரணம், கட்டடங்கள் இன்னொரு காரணம், இவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கணிப்பும் கட்டடமும் உங்கள் தெருவுக்கும் இருந்ததே! இரண்டு நாள் முன்பே எச்சரிக்கை வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் இல்லாமல் போனது மூன்றாவது விஷயம், பேர் சொல்லிக் கூப்பிட்டு "வாங்க, கிளம்பலாம்" என்று வாசலில் நிற்கிற ஒரு மனிதர்.

சரி, அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? வீடு வீடாக, தானாக நடந்து போக முடியாதவர் யார், தனியாக இருப்பவர் யார், ஒலிபெருக்கியில் சொன்னால் காதில் விழாதவர் யார், கைக்குழந்தையோ நிறைமாதமோ எந்த வீட்டில், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் மருந்து யாருக்கு, மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவி யாருக்கு, டயாலிசிஸுக்குப் போகிறவர் யார். அப்புறம் யார் வீட்டில் ஆடு மாடு நாய் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகப் படலாம். 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா வந்தபோது வளர்ப்புப் பிராணியை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று வீட்டிலேயே தங்கியவர்கள் ஏராளம், அதனால் அடுத்த ஆண்டே அந்த நாட்டில் வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதே புயலில் லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். உங்கள் தெருவின் கடைசி வீட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இரண்டு பெயர் எழுதுங்கள், ஒன்று போதாது, ஏனென்றால் அந்த ஒருவர் அன்றைக்கு ஊரில் இல்லாமல் போகலாம். அந்த இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியதாக இருக்க வேண்டும், நீங்களாகப் போட்டதாக இருக்கக் கூடாது. எந்த எச்சரிக்கை வந்தவுடன் போய்க் கதவைத் தட்டுவது, எந்த வாகனத்தில் ஏற்றுவது, எந்த இடத்துக்குக் கொண்டுபோவது என்பதும் அதே வரியில் வந்துவிட வேண்டும். தாளின் நகல் மூன்று நான்கு பேரிடம் மட்டும் இருக்கட்டும். யார் தனியாக இருக்கிறார் என்கிற விவரம் தெரு முழுவதும் சுற்றுவது நல்லதல்ல, அதைக் கைப்பேசிக் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று வருந்துகிறீர்கள். கூட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்களும் இன்னும் இரண்டு மூன்று பேரும் ஆளுக்குப் பதினைந்து இருபது வீடு என்று பிரித்துக்கொண்டு போய், இரண்டே கேள்வி கேளுங்கள். போன தடவை ஏன் கிளம்பவில்லை? உங்கள் வீட்டில் தூக்கிக்கொண்டு போக வேண்டியவர் யாராவது உண்டா? முதல் கேள்வியைக் குற்றம் சாட்டுகிற குரலில் கேட்காதீர்கள், நீங்களும் கிளம்பவில்லை என்பதைச் சொல்லிவிட்டே கேளுங்கள். பதில்கள் வரும்: வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருட்டுப் போகும், முகாமில் கழிப்பறை சரியில்லை, வயசுக்கு வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு அங்கே எப்படி இருப்பது, மாட்டை யார் பார்ப்பது, வண்டி இல்லை, அப்பா வர மறுத்தார். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தீர்க்கக்கூடியவை, இப்போதே தீர்க்கக்கூடியவை. முகாமாகப் பயன்படும் கட்டடத்தின் கழிப்பறையை மழைக்காலத்துக்கு முன்பே போய்ப் பார்த்து, உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பெண்களுக்குத் தனி அறை கேட்கலாம். புயல் அன்று கேட்டால் எதுவும் நடக்காது. அதே நடையில் தரைத்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மாடி உண்டா என்பதையும் பாருங்கள். 2013இல் பிலிப்பைன்ஸில் ஹையான் சூறாவளி வந்தபோது பாதுகாப்பானவை என்று நம்பி மக்கள் ஒதுங்கிய சில கட்டடங்களுக்குள்ளேயே கடல் புகுந்துவிட்டது, காற்றை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்த இடம் தண்ணீருக்குத் தாங்கவில்லை.

இதோடு ஒரு வேலையை இந்த வாரமே செய்துவிடுங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதற்கான கறை இன்னும் சில சுவர்களில் இருக்கும், வெள்ளையடிப்பதற்கு முன் அந்த மட்டத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதுங்கள். தெருவில் உள்ள மூத்தவர்களிடம் அதற்கு முந்தைய புயல்களில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று கேட்டு அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வீடு கடைசியில் மூழ்கும், எந்த வழி முதலில் அடைபடும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்திலும் இருக்காது.

"இனி நம் காலத்தில் வராது" என்று சொன்னவருக்கு: 2020 நவம்பர் 3ஆம் தேதி மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் கரையை ஈட்டா என்ற கடும்புயல் கடந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், 16ஆம் தேதி, அயோட்டா என்ற இன்னொரு கடும்புயல் கிட்டத்தட்ட அதே இடத்தில், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளிக் கரையேறியது. போன முறை வந்தாயிற்று என்பதற்காக அடுத்தது தள்ளிப் போகாது. ஆனால் அவரோடு வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள், ஏணியும் ரம்பமும் அவர் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

இதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வீட்டில் தங்கித் தப்பித்தவர்களின் தைரியம். அடுத்த முறை "போன தடவை இருந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற பேச்சு உங்கள் தெருவில் நிச்சயம் வரும். ஒரு புயலைக் கண்டவர் எல்லாப் புயலையும் கண்டவர் ஆகமாட்டார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது சுவரில் மோதும் விசை நான்கு மடங்காகிறது. காற்றைக்கூட விடுங்கள், கொல்வது பெரும்பாலும் தண்ணீர். அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை புயல்களின் நேரடித் தாக்கத்தில் இறந்தவர்களில் 10 பேரில் 9 பேர் தண்ணீரால் இறந்தவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் கடல் உள்ளே ஏறியதால் மட்டுமே. கடல் எவ்வளவு ஏறும் என்பதைக் காற்றின் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. புயல் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு அகலமானது, கரையோரக் கடல் எவ்வளவு ஆழமற்றது, அந்த நேரத்தில் கடல் ஏற்றமா வற்றமா, எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அதனால் காற்றில் வலுக்குறைந்த புயல்கூட அதிகத் தண்ணீரைக் கொண்டுவரலாம். தொலைக்காட்சியில் காட்டும் கூம்பு வடிவப் படத்தையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். புயலின் மையம் எங்கெங்கே போகக்கூடும் என்பதைத்தான் அந்தக் கூம்பு காட்டுகிறது, மழையும் காற்றும் கடலும் அதற்கு வெளியேயும் வரும்.

நேரக் கணக்கு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மிக அதிகமாகப் பிழையாவது இங்கேதான். "இரவு 11 மணிக்குக் கரையைக் கடக்கும்" என்று சொன்னால் மக்கள் மனதில் 11 மணி பதிந்துவிடுகிறது, எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று தோன்றுகிறது. கரையைக் கடப்பது மையம். பலத்த காற்று அதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிடும், மரம் விழுந்து வழி அடைபடும், மின்சாரம் போய்விடும், வயதானவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் எண்ண வேண்டியது பின்னோக்கி. பலத்த காற்று தொடங்கும் நேரம் எது, அதற்குள் கடைசி ஆள் உள்ளே போய்ச் சேர வேண்டும், மெதுவாக நகர்பவர்கள் அதற்கு முன், எல்லோரும் பகல் வெளிச்சத்தில். உங்கள் கடைசி வீட்டிலிருந்து முகாம்வரை ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள், கையில் கடிகாரத்தோடு. நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் ஆகும். கியூபாவில் 1986 முதல் ஆண்டுதோறும் புயல் பருவத்துக்கு முன்னால் நாடு முழுவதும் ஒத்திகை நடத்துகிறார்கள். உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

"தண்ணீர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தங்குபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரையும் சாய்த்துவிடும், 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும். இன்னொன்று, புயலின் கண் உங்கள் மேல் கடந்தால் திடீரென்று காற்று நின்று, சில சமயம் வானம்கூடத் தெளியும். முடிந்துவிட்டது என்று கூரையைப் பார்க்க வெளியே வருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முடிந்தது என்று அதிகாரப்பூர்வமாகச் சொல்லும்வரை யாரும் வெளியே போகக் கூடாது. ஜன்னலில் பசைநாடா ஒட்டுவது கண்ணாடியைக் காப்பாற்றாது, அழுத்தத்தைச் சமன்செய்ய ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்பதும் தவறு, திறந்த வழியாக உள்ளே புகும் காற்று கூரையைத் தூக்கத்தான் உதவும்.

இப்போது ஜெனரேட்டர். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் புயல் போன பிறகு மின்சாரம் இல்லாத வாரங்களும் ஆட்களைக் கொல்கின்றன. 2017இல் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவை மரியா புயல் தாக்கியபோது அரசுக் கணக்கில் முதலில் 64 பேர் இறந்ததாகத்தான் இருந்தது. பிறகு நடந்த ஆய்வில் அடுத்த சில மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 2,975 பேர் என்று வந்தது, அரசும் அதையே ஏற்றுக்கொண்டது. மின்சாரமும் மருத்துவமும் நீண்ட நாள் கிடைக்காமல் போனதில் முதியவர்களும் நோயாளிகளும்தான் அதிகம் மாண்டார்கள். ஆகவே வாங்கினால் யாருடைய கருவிக்கு, யாருடைய மருந்துக்கு முதலில் இணைப்பு என்பதைத் தாளைப் பார்த்து முன்பே எழுதிவிடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ மூடிய இடத்திலோ ஓட்டவே கூடாது, கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை வீட்டுப் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். 2020இல் அமெரிக்காவில் லாரா புயலின்போது கடல் ஏறியதால் இறந்தவர்களைவிட இந்த வாயுவால் இறந்தவர்கள் அதிகம். வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் அதைச் செருகி வீடு முழுக்க மின்சாரம் கொடுப்பதும் கூடாது, அது வெளிக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறிச் சரிசெய்பவரைக் கொன்றுவிடும்.

பணம் குறைவு என்றால் ஜெனரேட்டருக்கு முன் மற்றவற்றை வாங்குங்கள்: ஒரு மெகாபோன், தடித்த கயிறு, கைரம்பம், பேட்டரி ரேடியோ, நல்ல தார்ப்பாய்கள், சில பவர் பேங்குகள், விசில், முதலுதவிப் பெட்டி. வீடுகளுக்குச் சொல்ல வேண்டியது எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளுக்கு. தண்ணீர் கலங்கியிருந்தால் வடிகட்டி, கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். ஆவணங்களும் ஒரு வார மருந்தும் நீர் புகாத உறையில் இருக்க வேண்டும். இன்சுலின் பயன்படுத்துபவர்கள் மின்சாரம் போனதும் பதறி எறிந்துவிடுவது உண்டு. பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் சுமார் 28 நாள் தாங்கும், உங்களுடையது எப்படி என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைப்பேசியில் பேச முடியாத நேரத்தில் குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்பு அதிகம். அறுந்து கிடக்கும் கம்பிக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது, தண்ணீருக்குள் கிடந்தால் அந்தத் தண்ணீரிலேயே கால் வைக்கக் கூடாது.

மகனைப் பற்றிக் கடைசியாக எழுதுவதால் அது சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இனிமேல் புயலே வராது என்று அவனிடம் சொல்லாதீர்கள். அவன் நம்பமாட்டான், நம்பினாலும் அடுத்த எச்சரிக்கை வருகிற அன்றைக்கு உங்கள் வார்த்தை மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். "வரலாம். வந்தால் இந்தத் தடவை முதல் நாளே கிளம்பிவிடுவோம், இந்த வழியாகப் போவோம், அங்கே தங்குவோம்" என்று சொல்லுங்கள், அந்த வழியில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவனுக்கென்று ஒரு வேலை கொடுங்கள், டார்ச்சும் பேட்டரியும் அவன் பொறுப்பு என்பது போல. அன்று இரவு நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், ஆனால் அவனாகப் பேச வரும்போது கையில் உள்ள வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். இரவில் எழுந்தால் "பயப்படாதே" என்று சொல்வதைவிட, கூடப் போய் நின்று இது எந்த அளவுக் காற்று என்று அவனோடு சேர்ந்து பாருங்கள்.

இதெல்லாம் வீட்டில் செய்ய வேண்டியது. இதற்கு மேலும் ஒன்று உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பயம் சில வாரங்களில் தானாகத் தணிந்துவிடும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்துத் தூக்கத்தையோ படிப்பையோ விளையாட்டையோ கெடுத்தால் நிபுணரின் உதவி தேவை. உங்கள் மகனுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. இனியும் பொறுத்துப் பார்க்காமல் குழந்தைகள் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள், சீக்கிரம் பார்த்தால் நன்றாகவே குணமாகக்கூடியது இது. நெஞ்சு அடைக்கிறது என்று உங்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதே அறையில் அதையும் சொல்லிவிடுங்கள்.